மாலையைக் கழற்றிய சனிக்கிழமை

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் குடிக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வது. மாலை போட்டவனிடம் யாரும் கிளாஸை நீட்ட மாட்டார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் போதையோடு வந்து படுப்பார்கள். படுத்தபடியே, "நீயும் ஒரு வாய் ஊத்திக்கோ" என்பார்கள். ஊற்றிக்கொள்வேன். ஏழாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பி லாரி, ரப்பர் தோட்டம், திருப்பூர் சாயப்பட்டறை என்று சுற்றிய இடமெல்லாம் அப்படித்தான்.

இலத்தூரில் அக்கா வீடு. எனக்கு மிச்சமிருந்த ஒரே கதவு அது. வேலை முடிந்து திரும்பும்போது அக்கா வாசலில் நின்று, "ஏலே, ஊது" என்பாள். போலீஸ் செக்கிங் மாதிரி அவள் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். வாடை வந்தால் அன்று கதவு கிடையாது. சித்திரையில் ரத்த வாந்தி எடுத்துப் பெரியாஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தேன். அப்போது சொன்னாள்: "இனி ஒரு தடவ வாடை வந்துச்சுன்னா இந்தப் பக்கமே வராத. பொணமாக் கிடக்கன்னு வந்து சொன்னாலும் நான் வர மாட்டேன்."

ஆனி பிறந்ததும் மாலை போட்டேன். குருசாமி கிடையாது. கடையில் வாங்கி நானே போட்டுக்கொண்டேன். மலைக்குப் போகிற எண்ணமும் இல்லை. அக்காவிடம் ஆடி மாதப் பூஜைக்குப் போகிறேன் என்றேன். அன்றோடு ஊதச் சொல்வது நின்றது. "சாமி, வாங்க. சாமி, சாப்பிடுங்க." முன்பும் மூன்று தடவை மாலை போட்டிருக்கிறேன். மூன்று தடவையும் கழற்றிய அன்று சாயங்காலமே குடித்தேன்.

ஒருநாள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் துண்டை விரித்துப் படுத்தார். வாடை இல்லை. கூட வந்தவர்கள் பாட்டிலோடு கூப்பிட்டபோதும் வேண்டாம் என்றார்.

"நீங்களும் மாலையா சார்?"

"இல்ல சாமி. நான் குடிச்சு அழிஞ்சவன். எங்க ஊர்ல குடியை விட்டவங்க வாரா வாரம் கூடி உக்காந்து பேசுவோம்."

"பேசினாப் போதுமா?"

"நானும் அதைத்தான் கேட்டேன்" என்றார். தென்காசியிலும் இருக்கும், விசாரியுங்கள் என்றார்.

விசாரித்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாஸ்டர் சிரித்தார். "குடிக்கதுக்குத்தான் சாமி கூட்டம் சேருவானுவ. குடிக்காம இருக்கதுக்கு எவன் சேருதான்?" ஆட்டோக்காரர் ஒருவர் தனக்குத் தெரியும் என்று சொல்லி ஒரு ஜெபக்கூட்டத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். மாலையோடு நின்றவனைப் பார்த்து அவர்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். கடைசியில் பெரியாஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர் ஓ.பி. சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை, ஐந்து மணி, ஒரு டியூஷன் சென்டர் மாடி.

ஆறு பேர் பெஞ்சில் இருந்தார்கள். போர்டில் பாதி அழிந்த கணக்கு. ரிட்டயர்டு ஏட்டையா ஒருவர் டீ ஊற்றிக் கொடுத்தார். ஒவ்வொருவரும் தான் குடிநோயாளி என்று சொல்லிவிட்டு அந்த வாரம் எப்படிப் போனது என்று பேசினார்கள். என் முறை வந்தது. மாலை போட்டிருக்கிறேன், மலைக்குப் போகப் போவதில்லை, அக்காவுக்குத் தெரியாது என்றேன். வேறு யாரைப் பற்றியோ சொல்வது மாதிரி இருந்தது.

யாரும் அதிரவில்லை. "நான் இப்படி மூணு வருசம் போட்டேன்" என்றார் ஒருவர். "நான் கோயில்ல கயிறு கட்டினேன். அறுத்தது கடை வாசல்ல" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏட்டையா கேட்டார்: "கழட்டுத அன்னைக்கு சாயங்காலம் எங்க இருப்பிய, சாமி?"

"தெரியல அண்ணாச்சி."

"சனிக்கிழமையாப் பாத்துக் கழட்டுங்க. அஞ்சு மணிக்கு இங்கன வந்துருங்க. அதுக்கு மேல எங்களுக்கும் ஒண்ணும் தெரியாது."

ஆடியில் முதல் சனிக்கிழமை காலை அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவினாள். சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "பொய்யச் சொல்லிச் சோறு தின்னுருக்க" என்றாள்.

வேலைக்குப் போனேன். மத்தியானம் ஒரு கூட்டம் வந்தது. போன வாரமும் வந்தவர்கள். ஒருவன் என் கழுத்தைப் பார்த்துவிட்டான். "மலைக்குப் போயிட்டு வந்தாச்சா? அப்ப இன்னிக்கு ஒண்ணும் தடையில்ல." கிளாஸை நீட்டினான். கையெல்லாம் எண்ணெய் என்றேன். "வாயைத் தொறங்க, நானே ஊத்தறேன்" என்றான். வாயைத் திறந்தேனா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. கிளாஸ் உதட்டுக்குப் பக்கத்தில் வந்தது தெரியும். எண்ணெய்ப் பாட்டிலை மூடாமல் எழுந்து நடந்து பஸ் ஏறினேன்.

டியூஷன் சென்டர் பூட்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். ஏட்டையா சாவியோடு வந்தார். கழுத்தைப் பார்த்தார். "பெஞ்ச எடுத்துப் போடுலே" என்றார். போட்டேன். அன்று என்ன பேசினேன் என்று நினைவில்லை. கை மட்டும் கழுத்துக்குப் போய்ப் போய் வந்தது. சந்தோஷம், நிம்மதி என்று எதுவும் இல்லை.

இருட்டுவதற்கு முன் இலத்தூர் வந்தேன். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏலே, ஊது."

ஊதினேன். அப்படியே நின்றாள்.

"இன்னொரு தடவ."

ஊதினேன். கதவைவிட்டு விலகி நின்றாள்.