கழுவ ஒரு தரை

நான் முதன்முதலில் கட்டிய வீடு லாரியில் வந்தது. இரண்டு துண்டாக. தேனி பக்கத்துப் பட்டறையில் இரும்புச் சட்டம் பூட்டி, சுவர், கூரை, வயரிங் எல்லாம் முடித்து, சின்னமனூருக்கு வெளியே சித்தியின் மூணு சென்ட்டில் கிரேன் வைத்து இறக்கினோம். கரிசல் மண். அங்கன உள்ள வீடுகளில் சிமெண்டுத் தரை கோடைக்கு ஒரு தரம் வெடிக்கும். அதனால்தான் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்: நம்ம தரை மண்ணைத் தொடாது சித்தி, எட்டு இரும்புக் கால்மேல் நிற்கும், காலுக்கு ஒரு பெரிய திருகு, மண் இறங்கினால் திருகி மட்டம் பண்ணிக்கலாம்.

சித்தி அதுவரை அல்லிநகரத்தில் வாடகைக்கு இருந்தாள். ஏழாவது வாடகை வீடு. பால் காய்ச்சிக் குடிவந்த பிறகும் அந்த வீட்டுச் சாவியைத் திருப்பித் தரவில்லை. ஒரு மழை போகட்டும், பார்ப்போம் என்று இடுப்பில் செருகி வைத்திருந்தாள்.

மழை ஒன்றும் செய்யவில்லை. சித்திதான் செய்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் கரகரவென்று தேய்த்து வீட்டைக் கழுவுவாள். எங்கள் எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கம். கல்லூரியில் நாலு வருடம், ஒரு தரை எத்தனை ஆளைத் தாங்கும், எத்தனை பீரோவைத் தாங்கும் என்று கணக்குப் போட்டவள் நான். நாலு குடம் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இரும்புச் சட்டத்துக்கு மேல் பிளைவுட், அதற்கு மேல் மரம் மாதிரி படம் போட்ட வினைல் விரிப்பு. ஆறாவது வாரம் அடுப்படியில் பலகை பூரி மாதிரி உப்பியது.

ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றேன்.

“மூஞ்சியத் துடைச்சா குளிச்ச மாதிரியா?”

அவ்வளவுதான். கழுவ முடியாத வீட்டில் இருக்கமாட்டேன், மாசம் பிறந்ததும் அல்லிநகரத்துக்கே போய்விடுவேன் என்றாள். லாரியில வந்த வீடு லாரியிலேயே போகப்போகுதுன்னு தெருவில் வேறு சொன்னாகளாம்.

எனக்கு உடனே யோசனை வந்தது. எனக்கு யோசனை எப்போதும் உடனே வரும், அதுதான் சிக்கல். காங்கிரீட் வீட்டைச் சாய்க்க முடியாது, இதைச் சாய்க்கலாமே! பின்பக்கத் திருகுகளைத் திருகி, பத்தடி அகல வீட்டை ஒன்றரை அங்குலம் பின்னால் தாழ்த்தினேன். பின்சுவர் அடியில் ஒரு மடை வெட்டினேன். ஊற்றிய தண்ணீர் நேராக வாழைக்கு ஓடியது. பெருமையாக ஊர் திரும்பினேன்.

மறுநாள் காலையில் போன். தோசைக்கல்லில் விட்ட எண்ணெய் பூராவும் ஒரே ஓரத்துக்கு ஓடுதாம், பீரோக் கதவு தானாகத் திறக்குதாம்.

“ஏத்தா இஞ்சினியரு, வீட்டைச் சாய்க்கச் சொன்னேனா, தரையைச் சாய்க்கச் சொன்னேனா?”

சுருக்கென்றது. அதே நிமிஷம் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது.

கம்பத்திலிருந்து வெல்டர் அண்ணன் வந்தார். வருடத்தில் பாதி கேரளாவில் வேலை என்பதால் எதைக் கேட்டாலும் மலையாளத்தில் “சரியாக்காம்”, சரிபண்ணிடலாம், என்பார். வீட்டைத் திருகி மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். வினைலையும் பிளைவுட்டையும் உரித்தோம். இரண்டடிக்கு ஒன்றாக இருந்த சட்டத்தை அவர் அடிக்கு ஒன்றாக்கினார். சட்டம் கொஞ்சம் வளைந்தாலும் மேலே ஒட்டும் டைல்ஸ் விரிசல் விடும். ஒவ்வொரு சட்டத்தின் மேலும் ஆப்பு மாதிரி சீவிய பட்டை, முன்னால் கனம், பின்னால் மெலிசு; வீடு மட்டமாக நிற்க, தரை மட்டும் மடைப் பக்கம் சாயும். அதன்மேல் சிமெண்டுப் பலகை. தண்ணீர் இறங்காத பூச்சு இரண்டு தடவை, சுவரிலும் ஒரு சாண் உயரத்துக்கு. அப்புறம்தான் டைல்ஸ். பீரோவின் தாழ்ந்த கால்களுக்கு ரப்பர் கட்டை கொடுத்தோம். அடுப்பு மேடையைச் சுவரோடு பூட்டினோம். அண்ணன் குமிழி ஓடும் ரசமட்டத்தைத் தோசைக்கல் மேலேயே வைத்துப் பார்த்தார்.

“தோசைக்கு மட்டம் பாத்த வீடு ஜில்லாவுலயே இது ஒண்ணுதான் பாப்பா.”

வெள்ளிக்கிழமை சித்தி நாலு குடம் ஊற்றினாள். சந்தேகத்துக்கு ஐந்தாவதும். தண்ணீர் மடையைத் தேடிப் போன வேகத்தில் துடைப்பத்துக்கு வேலையே குறைந்துபோனது. அப்புறம் ஒரு தோசை. எண்ணெய் விட்ட இடத்திலேயே நின்றது.

சித்தி அடுப்பை அணைத்தாள். ஈரக் கையோடு இடுப்பிலிருந்து சாவியை உருவி நீட்டினாள்.

“வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்துட்டு வந்துரு. வரும்போது தொடப்பம் ஒண்ணு வாங்கிட்டு வா. இது தேஞ்சு போச்சு.”