பொட்டு வைத்த சிடி

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் படாமல் தப்பித்த பொருள் என்று ஒன்றைக் காட்டுவது கடினம். அப்பா மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். அங்கே லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் பொட்டு வைத்துப் பழகிய கை, வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. சைக்கிள், மிக்சி, கேஸ் அடுப்பு, அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி, என் ஜாமெட்ரி பாக்ஸ், அதற்குள் இருந்த காம்பஸுக்குத் தனியாக ஒன்று என்று வைத்துக்கொண்டே போவார். கம்ப்யூட்டர் வந்த வருடம் அதற்குத்தான் முதல் மரியாதை நடந்தது.

மானிட்டருக்கு நெற்றியில் பட்டையாகச் சந்தனம். மவுசுக்கு முதுகில் ஒரு பொட்டு. வெப் கேமராவுக்குக் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று கழுத்தில் வைத்தார். அந்த அளவுக்கு விவரம் தெரிந்த மனிதர்தான். பிறகு அலமாரியில் உறைக்குள் இருந்த சிடியை எடுத்தார். அது கம்ப்யூட்டரோடு வந்த டிரைவர் சிடி. கம்ப்யூட்டர் தன் உள்ளே இருக்கும் பாகங்களோடு பேசுவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு புரோகிராம் வேண்டும், அதற்குப் பெயர்தான் டிரைவர், அதெல்லாம் இந்த சிடியில் இருக்கிறது, பத்திரம் என்று அம்மாவின் தம்பியான என் மாமா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். பத்திரம் என்று சொன்ன பொருளைப் பூஜையில் விட்டுவிட முடியுமா? சிடியின் ஒரு பக்கம் ஏதோ அச்சடித்திருந்தது. மறுபக்கம் கண்ணாடி போலப் பளபளத்தது. அப்பா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, பளபளக்கிற பக்கமே முகம் என்று முடிவு செய்து, அதில் தாராளமாகப் பொட்டு வைத்தார்.

அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியதே அம்மாவைப் பார்ப்பதற்காகத்தான். அம்மா நர்ஸ். சிங்கப்பெருமாள் கோயில் என்கிற ஊரில் பாதி கட்டி நின்ற எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டு முடிக்கும்வரை என்று சொல்லிவிட்டு, மஸ்கட்டில் ஒரு மருத்துவமனைக்கு வேலைக்குப் போயிருந்தாள். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிதோறும் சாயங்காலம் அவள் ஹாஸ்டல் கம்ப்யூட்டர் முன்னாலும், நானும் அப்பாவும் எங்கள் கூடத்திலும் உட்கார்ந்துகொள்வோம். திரையின் கீழ் மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள் மாறி மாறிக் கண் சிமிட்டும். அவை சிமிட்டினால் நெட் இருக்கிறது என்று பொருள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக வந்து சேரும்.

படம் சுத்தமாக இருக்காது. ஆனாலும் அம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது. “ஏன்டி கண்ணு உள்ள போய் கீது? ஒயுங்கா தூங்கறியா இல்லியா?” என்பாள். பேச்சை மாற்ற அப்பா குறுக்கே வந்தால், “இன்னாங்க, பின்னால செவுத்துல ஈரம்?” என்று அவரையும் பிடித்துக்கொள்வாள். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் போனில் நல்லதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். ஆள் போயிருந்த எந்த வீட்டிலும் எல்லாரும் எப்போதும் நன்றாகவே இருந்தார்கள். கேமரா வந்த பிறகு எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை.

அந்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் காதுவரை உப்பிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. அப்பா பீரோவைத் திறந்து அம்மா விட்டுவிட்டுப் போயிருந்த தங்கச் சங்கிலியை எடுத்து என் கழுத்தில் போட்டார். பொன் பட்டால் வீக்கம் வடியும் என்பது எங்கள் ஊர் வைத்தியம். எனக்கு வலியைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. வெள்ளிக்கிழமை அம்மா இந்த முகத்தைப் பார்ப்பாள், பதறிப்போவாள், ஒருவேளை அழுவாள். மஸ்கட்டுக்குப் போனதிலிருந்து அவள் திரையில் சிரித்துக்கொண்டே இருந்தது எனக்கு உள்ளூரப் பிடிக்கவில்லை. ஒரு தடவையாவது எனக்காக அழட்டும் என்று காத்திருந்தேன்.

வியாழக்கிழமை விஜயதசமி. காலையிலேயே மாமா வந்தார். அக்கா புருஷன் என்பதால் அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலையில் இருந்தார். யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர் லைன்’ என்பார். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“ஏய் பாப்பா, அங்கியே நில்லு. எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல.” வளர்ந்த ஆம்பிளைக்கு அது ஒட்டினால் பிள்ளை பிறக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அன்றைக்குப் புதிதாக ஏதாவது தொடங்கியாக வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காகப் பென் டிரைவில் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார்.

“மாமா, நெட்வொர்க்குக்குப் புது டிரைவர் வந்துகீது. அப்டேட் பண்ணிட்டா அக்கா மூஞ்சி பளிச்சுனு தெரியும் பாரு.”

“நல்லாத்தானே ஓடிகினு கீது. ஓடற மிஷின்ல எதுக்குக் கைய வெக்கற?” என்றார் அப்பா.

பளிச்சென்று தெரியும் என்ற சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. அங்கே தெரிந்தால் இங்கேயும் தெரியும்தானே, என் கன்னம் முழு அளவில் அம்மாவுக்குப் போய்ச் சேரும். திறக்க முடியாத வாயைத் திறந்து, பண்ணட்டும்ப்பா என்று நானும் சிபாரிசு செய்தேன்.

பழசு எழுந்தால்தான் புதுசு உட்காரும் என்று விளக்கிக்கொண்டே மாமா இருந்த டிரைவரை நீக்கினார். புதியதைப் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டபோது மூலையில் அந்த இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்களைக் காணவில்லை. மாமா உள்ளே உள்ளே போய் ஒரு நீளமான பட்டியலைத் திறந்தார். அதில் நெட்வொர்க் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஓர் ஆச்சரியக்குறி நின்றது. அவர் கொண்டு வந்தது எங்கள் கார்டுக்கு உரியதே அல்ல, அதன் பங்காளி ஒருவனுக்கு உரியது என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்போதும் மாமா அசரவில்லை. “அதனால இன்னா, சிடிதான் கீதே” என்று உறையைப் பிரித்தார்.

சந்தனம் காய்ந்து சிடியோடு ஒட்டிக் கிடந்தது.

“மாமா! சிடிக்கு எதுக்கு மாமா பொட்டு?”

“அதுவும் ஆயுதம்தானே.”

“வெச்சதுதான் வெச்ச, அந்தப் பக்கம் வெக்கக் கூடாதா? இதுதான் மாமா அது படிக்கிற பக்கம்.”

“எனக்கு இன்னாயா தெரியும். மூஞ்சி தெரியிற பக்கத்துல வெச்சேன்.”

மாமா நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். அது பொறுக்காமல் அப்பா வாங்கிக்கொண்டார். பித்தளையைப் பளபளப்பாக்கிப் பழகிய கை. நனைத்த துணியில் விபூதியைத் தொட்டு, வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தார். சந்தனம் முழுக்கப் போய்விட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, புது வெண்கலக் கும்பா மாதிரி சிடி முழுக்கக் கீறல்கள் மினுமினுத்தன. உள்ளே தள்ளியதும் கம்ப்யூட்டர் கரகரவென்று இருமிவிட்டு அதை வெளியே துப்பியது.

சரியான டிரைவரை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்றார் மாமா. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நெட்டு வரணும்னா டிரைவர் வேணும். டிரைவர் வரணும்னா நெட்டு வேணும். அப்டித்தானே?”

“ஆமா மாமா.”

“எவன்டா இத செஞ்சவன்!”

மாமா அடுத்த ரயிலைப் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போனார். பிரவுசிங் சென்டர் பூஜைக்காக மூடிக் கிடந்தது. மறுநாள் மதியம் வேறு ஒன்றைக் கொண்டு வந்தார். அதுவும் பங்காளி வகைதான். சாயங்காலம் நான் சங்கிலியோடும் வீங்கிய கன்னத்தோடும், சிமிட்டாத திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மா காத்திருந்து பார்த்துவிட்டு அப்பாவின் செல்போனுக்குக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் பேசினோம். அந்த வெள்ளிக்கிழமை அப்படி முடிந்தது.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் மாமா ஒரு டிரைவரோடு வந்தார். ஒவ்வொன்றும் இதுதான் என்ற உத்தரவாதத்தோடு வந்து, மஞ்சள் குறியோடு திரும்பியது. கடையில் யாரிடமாவது கேட்டால் கம்ப்யூட்டர் லைனின் மானம் என்னாவது? என் கன்னம் வற்றிப் பழைய அளவுக்கு வந்துவிட்டது. சங்கிலி பீரோவுக்குப் போய்விட்டது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லாமல் போன பிறகு, மாமா கேளம்பாக்கத்தில் ஒரு கடையிலிருந்து வேறு நெட்வொர்க் கார்டையே, அதற்கான சிடியோடு வாங்கி வந்தார். அப்பாவை அடுக்களையில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் உறையைப் பிரித்தார். குட்டிக் கம்ப்யூட்டர்கள் மறுபடியும் சிமிட்டின.

நெட் வந்தது. அம்மாவின் முகம்தான் வரவில்லை.

எங்களை அவளால் பார்க்க முடிந்தது. “எலும்பா கீறியேடி” என்றாள். அவள் இருக்க வேண்டிய கட்டம் மட்டும் கறுப்பாக நின்றது. கேமரா வேலை செய்யவில்லையாம். இத்தனை வாரம் மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்று நான் பாதி வித்தையைக் கற்றிருந்தேன். ‘மை கம்ப்யூட்டர்’ மேல் ரைட் கிளிக் பண்ணும்மா, பிராப்பர்ட்டீஸ் போம்மா, ஹார்டுவேர் போம்மா, மஞ்சள் குறி இருக்குதா பார் என்று வாராவாரம் அவளுக்குப் பாடம் நடத்தினேன். “பண்ணிட்டேன்டி. மஞ்சளா ஒண்ணும் இல்லியே” என்பாள். வேறு டிரைவர் போடச் சொன்னால், போட்டேன், வரவில்லை என்பாள். பேச்சின் நடுவில் எங்கேயோ காலிங்பெல் மாதிரி அடிக்கும். இருடி என்று எழுந்து போனால் நெடுநேரம் வரமாட்டாள். மாமாவிடம் முறையிட்டேன். முடியாது என்ற வார்த்தையே வாயில் வராத மனிதர், “அந்தக் கேமராவுக்கு டிரைவரே கெடையாது பாப்பா. கம்பெனிக்காரன் உட்டுட்டான்” என்றார். மாமாவின் லட்சணம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் வராது என்றும் முடிவு கட்டினேன்.

அம்மா திரும்பி வந்தபோது நான் அவள் தோளுக்கு வளர்ந்திருந்தேன். வீட்டுக்குத் தளம் போட்டாகிவிட்டது. பொட்டு வைத்த சிடியின் கதை எங்கள் வீட்டு ஆயுத பூஜைகளில் சுண்டலுக்கு முன்னால் பரிமாறப்படும் ஒன்றாகிவிட்டது. மாமா அப்பாவைப் போலவே நடித்துக் காட்டுவார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மாமாவுக்குக் கல்யாணமான வருடம், புது அத்தைக்காக அந்தக் கதை இன்னும் விஸ்தாரமாக நடந்தது. அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்குகிற நேரத்தில் அவள் யாரையும் பார்க்காமல் பேசினாள்.

“அந்த வாரந்தான் ஆஸ்பத்திரியில எங்கள்ல நாலஞ்சு பேர நிறுத்திட்டாங்க. ஊருக்குப் போறியா, இல்ல ஒரு வூட்ல கெழவியப் பாத்துக்கற வேல கீது, போறியான்னு ஏஜென்ட் கேட்டான். சனிக்கெழம சொல்லணும். வெள்ளிக்கெழம இவ மூஞ்சியப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். நெட்டு வரல. சரின்னு போன் பண்ணேன்.”

சொல்லிவிட்டுச் சுண்டல் எடுத்து வரப் போனாள். மணி அடித்தால் ஓடியது அந்த வீட்டில்தான் என்றும், அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் கேமராவே இருந்ததில்லை என்றும், இருந்திருந்தாலும் அந்தச் சமையல்கட்டை எனக்குக் காட்டியிருக்க மாட்டாள் என்றும் பிறகு அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கும் மாமாவுக்கும் அது கொஞ்சம் தாமதமாகத் தெரிய வந்திருக்கிறது. அதற்குள் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரர்களிடம் போய்விட்டது. எனக்குத் தாங்கவில்லை. இப்போதும் அதை நினைத்தால் தாங்கவில்லை. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படம் போயிருந்தால், அம்மா சனிக்கிழமையே மூட்டை கட்டியிருப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த போன் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் அப்பா போனைக் கையால் மூடிக்கொண்டு, “கன்னம் வீங்கிகீதுன்னு சொல்லிடாத. அவ அங்க தனியா குந்திகினு இன்னா பண்ணுவா, பாவம்” என்றார். நான் தலையாட்டினேன்.

“ஏன்டி, கொரலு ஒரு மாதிரியா கீது?” என்று கேட்டாள் அம்மா.

எதிரே பூஜைப் பொரி தட்டில் இருந்தது. “பொரி துன்னுகினு கீறேன்மா” என்றேன். உண்மையில் இரண்டு நாட்களாகக் கஞ்சிதான்.

அம்மா சிரித்தாள். பிறகு, “நான் இல்லாம கஷ்டமா கீதாடி?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. ஜாலியா கீறேன்.”

“நெசமாத்தானே?” என்று இன்னொரு தடவை கேட்டாள். நெசமாத்தான் என்றேன். சரிடி தங்கம் என்று வைத்துவிட்டாள்.

அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அவ்வளவு சாமர்த்தியமாகப் பேசிவிட்ட பெருமையில் அன்று இரவு முழுவதும் எனக்கு வலியே தெரியவில்லை.