எலுமிச்சம்பழம் குத்திய மடக்குக்கத்தி

என் தம்பி கோட்டைச்சாமி ஒரு சாமான் வாங்குவதற்குள் கடைக்காரருக்கு வயதாகிவிடும். செருப்பு வாங்கப் போனால் அதை மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து பார்ப்பான், குதித்துப் பார்ப்பான், கழற்றி முகர்ந்துகூடப் பார்ப்பான். கடைசியில் “யோசிச்சுச் சொல்றேன்” என்று வெறுங்காலோடு வீட்டுக்கு வந்துவிடுவான். அப்படிப்பட்டவன் ஐம்பத்து நாலாம் வருஷம், கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போடியிலிருந்து ஒரு மடக்குக்கத்தி வாங்கிக்கொண்டு வந்து நின்றால் எனக்குக் கோபம் வராதா?

அப்பாவும் அம்மாவும் முந்திப் போய்விட்டார்கள். அக்கா என்று இருப்பது நான் ஒருத்திதான். என்னைக் கட்டிக்கொடுத்தது ராசிங்காபுரத்தில். தம்பி கல்யாணம் என்று என் வீட்டைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு, பிறந்த ஊரான சிலமலைக்கு வந்து நெல் அவித்துக்கொண்டும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டும் கிடக்கிறேன். இவன் என்னடா என்றால் துரை மாதிரி கத்தி வாங்கப் போயிருக்கிறான்.

அவன் சோலி மலைமேல். குரங்கணியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு மட்டக்குதிரையில் பொதி ஏற்றிக்கொண்டு போவான். போகும்போது அரிசி, உப்பு, கருவாடு. இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. பாதி நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் போகும். பேச்சுத் துணைக்குக் குதிரைதான். அதனாலோ என்னவோ, மனிதர்களிடம் அவன் பேசுவதற்கு நாம்தான் வாயைப் பிடுங்க வேண்டும்.

கத்தியை என் முன்னால் பாயில் வைத்தான். நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் ஆகாமல் போய்விடும் என்பார்கள். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கத்தியை விற்ற போடிக் கடைக்காரர் ஜெபமணி அண்ணாச்சிகூடப் பலகையில் வைத்துத்தான் நகர்த்துவார். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், அவருக்கு இதெல்லாம் கிடையாது; வாங்க வருகிறவர்களுக்காக அப்படிச் செய்வார்.

முதல் பார்வைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. கத்தி என்றால் பார்த்ததும் கத்தி என்று தெரிய வேண்டும். இது உள்ளங்கைக்குள் கறுப்பாக, கனமாக, வாயை மூடிக்கொண்டு கிடந்தது, வாங்கி வந்தவனைப் போலவே. கை வழுக்காமல் இருக்கப் பிடியில் கட்டம் கட்டமாகக் கீறியிருந்தார்கள். ஒரு முனையில் கயிறு கோத்துக்கொள்ள இரும்பு வளையம். நகத்தை வைத்து இழுத்தேன், வரவில்லை. பல்லால் இழுக்கப் போனேன்.

“அக்கா! கொண்டா இங்க.”

பாயில் வைத்தேன். எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினான். கத்தி பாதி வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழி நிமிர்ந்து பார்த்தது.

“இந்தச் சத்தம் கேட்டா பூட்டிக்கிருச்சுன்னு அர்த்தம். பெறகு கல்லுல குத்துனாலும் மடங்காது. முதுகுல இருக்கே இந்த நெம்பு, இத அமுக்குனாத்தான் மடங்கும். பட்டாளத்துக்காரங்களுக்குன்னு செஞ்சதாம், அண்ணாச்சி சொன்னாரு.”

என் தம்பி ஒரே மூச்சில் அத்தனை பேசி நான் கேட்டதில்லை. பிடியின் மறுபக்கத்தில் மடங்கியிருந்த இரும்பு முள்ளை எடுத்துக் காட்டினான். மழையில் ஊறி இறுகிப்போன பொதிக்கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து அவனுக்கு ஒரு பல்லே ஆடிக்கொண்டிருந்தது. இனி முள்ளை விட்டு நெம்பினால் போதுமாம். சின்னப் பிள்ளை மாதிரி அவன் கண் மின்னியதைப் பார்த்து என் கோபம் பாதி இறங்கிவிட்டது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. கத்தியைப் பாயில் வைக்கச் சொல்லி எடுத்து ஒரு வெங்காயத்தை அரிந்து பார்த்தேன். தகடு தடிமன், வெங்காயம் நசுங்கிப்போனது. கொட்டைப்பாக்கைப் பிளந்தேன், அது மட்டும் சுளுவாகப் பிளந்தது. கயிற்றில் வைத்தேன். வைத்ததுதான் தெரியும், கயிறு இரண்டாகக் கிடந்தது.

“குதிரைக்காரனுக்குச் சரி. கல்யாண நேரத்துல எதுக்கு?” என்றேன்.

“கல்யாணத்துக்குத்தான்.”

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. எங்கள் சனங்களில் மாப்பிள்ளைக்குக் காப்புக் கட்டினதும் அவர் கையில் கத்தியை எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பு அவிழ்க்கிற வரை அதை விடக் கூடாது. காத்து கருப்பு அண்டாமல் இருக்க இரும்பு. முகூர்த்தத்தில் அதன் நுனியில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கென்று சிலமலையில் வெள்ளிப்பூண் போட்ட சூரிக்கத்தி ஒன்று உண்டு. அது இருப்பது மொக்கையன் பெரியப்பா வீட்டில். ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவரிடம் கேட்டு வாங்குவதுதான் வழக்கம்.

தம்பி அந்தக் கத்தியைத் தொட மாட்டேன் என்றான். காரணம் எனக்கே தெரியும்.

பெண் வேலுத்தாய் ராசிங்காபுரத்துக்காரி, எனக்குத் தெரு தள்ளிய வீடு. நான் பார்த்துப் பேசி முடித்த பெண். அவளை முதலில் பேசி வெற்றிலை மாற்றியது மொக்கையன் பெரியப்பா மகன் சோணைக்குத்தான். வெற்றிலை மாற்றிய வாரத்தில் அவர்கள் வீட்டு உழவுமாடு ஒன்று செத்துப்போனது. அது கிழட்டு மாடு, வைக்கோலைக்கூட மெல்ல முடியாமல் நின்றது. அதை யார் சொல்வது? பெண் ராசியில்லாதவள் என்று சொல்லிப் பெரியப்பா வெற்றிலையைத் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு ராசிங்காபுரத்தில் எவள் வீட்டில் பால் திரிந்தாலும் காலையில் வேலுத்தாய் முகத்தில் விழித்தேன் என்றார்கள். அவள் தண்ணீருக்குப் போகிற நேரத்தையே மாற்றிக்கொண்டாள். நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஆகையால் அந்தக் கல்யாணத்தில் எதுவும் பிசகக் கூடாது. இலை கிழிந்தால்கூட அவள் தலையில்தான் விடியும். பெரியப்பா பங்காளி முறை, கூப்பிடாமல் இருக்க முடியாது. அவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார். “புதுசா ஒண்ணும் பண்ணாதடா அப்பு, அவருகிட்டயே கேப்போம்” என்று கெஞ்சினேன். தம்பி கத்தியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

காப்புக் கட்டின சாயங்காலம் கத்தியைச் சாமி முன்னால் வைத்தோம். எங்கள் அத்தை முனியாயிக்கு எதைச் செய்தாலும் தாராளம். புது இரும்பு, வெறுமனே வைக்கக் கூடாது என்று கிண்ணத்துச் சந்தனத்தை வழித்து, பிடியிலிருந்து நுனிவரை அப்பி, மேலே மூன்று இடத்தில் குங்குமம் வைத்தாள். “மடங்குற எடத்துல வேண்டாம் அத்தை” என்றான் தம்பி. “ஏண்டா, அந்த எடம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று அங்கே இன்னும் ஒரு விரல் அப்பினாள். தம்பி அதை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

விடிந்தால் முகூர்த்தம். மணையில் உட்கார்ந்ததும் கத்தியைத் திறந்தான். நாயனமும் மேளமும் முழங்கிக்கொண்டிருந்தன. ‘டக்’ கேட்டதா இல்லையா என்று அந்தச் சத்தத்தில் யாருக்குத் தெரியும்? அத்தை பழத்தைக் கொண்டுவந்து நுனியில் குத்தினாள். கறுப்புப் பிடியும் மஞ்சள் பழமுமாக அழகாகத்தான் இருந்தது. “வெள்ளிப்பூண் கத்தி எங்க?” என்று பெரியப்பா கேட்டார். “மாப்பிள்ளையோட சொந்தக் கத்தி பெரியப்பா” என்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன்.

தாலித்தட்டு சபையைச் சுற்றித் திரும்பி வந்தது. கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை தாய்மாமன் காலில் விழுந்து எழ வேண்டும். தம்பி எழுந்து குனிந்தான். கையை ஊன்றும்போது பழம் தரையில் முட்டியது. கத்தி மடங்கிக்கொண்டது.

பழம் கழன்று உருண்டு வேலுத்தாயின் காலருகே வந்து நின்றது. நாயனமும் மேளமும் பாதியில் நின்றன.

“என்னப்பா, கத்தி மடங்கிருச்சா?” பெரியப்பா பாதி எழுந்துவிட்டார். “கையில பட்டுச்சா? ரத்தம் வந்தா இந்த நேரத்துல தாலி கட்டப்புடாது. பொண்ணு விசயம் தெரிஞ்சதுதானே. யோசிக்கணும்.”

வேலுத்தாய் தலையைத் தூக்கவே இல்லை. அவள் கழுத்து நரம்பு மட்டும் துடித்தது எனக்குத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால்தானே நான் நின்றேன்.

தம்பி நிமிர்ந்தான். வலது கையை மூடியிருந்தான். புறங்கையைச் சபைக்குக் காட்டி, “படல பெரியப்பா” என்றான். வாழ்க்கையில் அவன் சொன்ன பொய்களை எண்ண ஒரு விரல் போதும், அந்த விரல்தான் வெட்டுப்பட்டிருந்தது.

“பழம் பெருசாப் போச்சு, கனம் தாங்கல. மேளத்தை நிறுத்தாதீங்க!” என்று கத்தினேன். மேளக்காரர் புண்ணியவான், உடனே கொட்டினார்.

தாலியை எடுத்து முதல் முடிச்சைத் தம்பி போட்டான். அடுத்த இரண்டும் நாத்தனார் நான் போட வேண்டியவை. கயிற்றைக் கையில் வாங்கியதும் பார்த்தேன், மஞ்சளில் சிவப்பாக ஒரு சொட்டு. முடிச்சைப் போட்டேன். குங்குமச்சிமிழை எடுத்து, தாலிக்குப் பொட்டு வைப்பதுபோல அந்த இடத்தில் ஒரு பிடி அப்பினேன். முனியாயி அத்தை தோற்றாள். பார்த்தவர்கள் ஆசையில் அப்புகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

இனி பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து மணையைச் சுற்றி வரவேண்டும். அங்கேதான் மாட்டப் போகிறோம் என்று நினைத்தேன். கோத்த கையை எல்லோரும் பார்ப்பார்களே. தம்பி தயங்கினான். வேலுத்தாய் தயங்கவில்லை. தானே கையை நீட்டி, அவன் மூடிய கைக்குள் விரலை நுழைத்து, வெட்டுப்பட்ட விரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். அவள் கை முழுக்க மருதாணி. அந்தச் சிவப்பில் வேறு எந்தச் சிவப்பும் தெரியவில்லை. சுற்றி முடிக்கும்வரை அவள் பிடியைத் தளர்த்தவே இல்லை. பெரியப்பா முன்னால் வரும்போதுகூட.

விரலில் துணி சுற்றியிருப்பதைப் பிறகு எல்லோரும் கேட்டார்கள். பந்திக்கு இலை நறுக்கும்போது பட்டுவிட்டது என்று நான் சொன்னேன். மாப்பிள்ளையை யாரடி இலை நறுக்கச் சொன்னது என்று ஊரே என்னைத் திட்டியது. வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

காப்பு அவிழ்த்த மறுநாள் வேலுத்தாய் முற்றத்தில் உட்கார்ந்து அந்தக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுடுதண்ணீர் ஊற்றி, மடங்குகிற இடத்தைத் தென்னங்குச்சியால் நோண்டினாள். காய்ந்த சந்தனம் கட்டி கட்டியாக வந்தது.

“பாருங்க மதினி, சந்தனம் உள்ள போயி அடைச்சிருக்கு. அதான் பூட்டு விழல. நான் ஒண்ணும் பண்ணல.”

கடைசி வார்த்தையை மெதுவாகத்தான் சொன்னாள். “நீ என்னத்த பண்ணுவ ஆத்தா? எல்லாம் எங்க அத்தை பண்ணுனது” என்றேன்.

“அவுக கை மூடுனதுமே தெரிஞ்சுக்கிட்டேன். எனக்காகத்தான் மூடுறாகன்னு தெரிஞ்சது. பயந்துதான் போனேன் மதினி. விட்டா எல்லாரும் பாத்துருவாகன்னு விடல.”

இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் திறந்தாள். ‘டக்’ என்றது. நெம்பை அமுக்கி மடக்கினாள். மறுபடியும் திறந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போனது, முகத்திலேயே தெரிந்தது.

தம்பி குரங்கணிக்குக் கிளம்பி வெளியே வந்தான். தோளில் கம்பளி, தலையில் துண்டு. வேலுத்தாய் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போய் அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. கீழே வைப்பாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“கீழ வைக்கலையா?”

“வைக்கல. சகுனம் பாத்தது போதும். கையிலயே வாங்குங்க.”

ஒரு செருப்பை ஆறு மாதம் யோசிக்கிற என் தம்பி, கட்டுப்போட்ட விரலோடு கையை நீட்டி, அவள் கையிலிருந்தே அதை வாங்கிக்கொண்டான்.