சத்திரத்தில் ஆறு பேர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சாமி உள்ளில் இருந்தது. இந்த ஒரு அசட்டுத்தனத்தை அப்பா செய்யாமல் இருந்திருந்தால் என் வாழ்நாள் கோபத்தில் பாதி எனக்கு வந்தே இருக்காது.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். முன்னால் கூடம், கூடத்தை ஒட்டிப் பூஜைக்கான சாமி உள், பிறகு முற்றம், சமையலறை, கடைசியில் கிணற்றடிப் பக்கம் ஒரு சின்ன அறை. சித்தப்பாவின் ஆபீஸில் பழசென்று கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஓர் ஓண லீவில் ஆட்டோவில் வந்து இறங்கியது. கூடத்தில் வைத்தால் தூசி, மாடியில் வைத்தால் ஒழுகல். வித்தை என்றால் சரஸ்வதி, அவள் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அம்மா மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நவராத்திரியில் கீபோர்டைப் பட்டுத்துணியால் மூடி, விஜயதசமி காலையில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்டால், புஸ்தகம் வைத்தால் படிக்கக்கூடாது, இதுவும் அப்படித்தானாம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சித்தப்பாவின் சிநேகிதர் நாலு பிளாப்பியில் கொடுத்த ஒரு விளையாட்டு என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஆறு பேரை நாமே உண்டாக்கி, பெயர் வைத்து, யார் வாள் எடுப்பது, யார் மந்திரம் போடுவது, யார் காயம் ஆற்றுவது என்று வகுத்து, ஒரு மலைக்கு அடியிலிருக்கும் சுரங்கத்துக்குள் அனுப்ப வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினால் சிரிப்பார்கள். எதிரே ஒரு சுவர், இல்லாவிட்டால் ஒரு கதவு, கீழே இங்கிலீஷில் நாலு வரி. அவ்வளவுதான் படம். வழி காட்டுகிற மேப் கிடையாது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒவ்வோர் அடியாக எண்ணி நாமே வரைந்துகொள்ள வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. என்னைவிட இரண்டு வயது பெரியவனான அண்ணன் மூன்றாவது திருப்பத்தில் திசை தெரியாமல் முழிப்பான்.

இன்னொரு விஷயம் உண்டு. நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியாது. மலையடிவாரத்து ஊரில் ஒரு சத்திரம் இருந்தது. ஆறு பேரையும் உயிரோடு அங்கே கொண்டுவந்து படுக்க வைத்தால்தான் அதுவரை நடந்தது நிலைக்கும். நடுவில் கறண்ட் போனால் போனதுதான். எங்கள் தெருவிலோ அந்த வருஷம் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அரை மணி நேரம் கறண்ட் கட்டு. ஆகவே ஏழுக்கு முன்னால் சத்திரம் போய்ச் சேருவதுதான் என் அன்றாடப் பிரார்த்தனை.

அந்த ஆறு பேரில் காயம் ஆற்றுகிறவளுக்கு நான் சித்தி என்று பெயர் வைத்திருந்தேன். நிஜச் சித்தி, சித்தப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் சாமி உள்ளில் விளக்கேற்றுவது அவள் வேலை. ஏற்றிவிட்டுப் போகமாட்டாள். எண்ணெய்க் கையோடு என் பின்னால் நின்று பார்ப்பாள். அம்பும் வாளும் பறக்கும்போது "ஐயோ, பாவம்டி" என்பாள். தன் பெயர் வரிசையில் கடைசியில் இருப்பதைப் பார்த்து ஒருநாள் ஏனென்று கேட்டாள். "நீ செத்துப் போனா அப்புறம் யாரு எல்லாரையும் பிழைக்க வைக்கறது?" என்றேன். அந்த பதில் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சித்தப்பாவிடம்கூடச் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் அந்தச் சமயத்தில் சித்தி மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. ஒரு மாதமாகவே வீட்டில் அவளுக்கு ஏக உபசாரம். குடத்தைத் தூக்காதே, மாடிப்படி ஏறாதே என்று அம்மா அவள் பின்னாலேயே நடந்தாள். பாயசத்தில் இருக்கிற முந்திரியெல்லாம் அவள் டம்ளருக்குப் போயிற்று. எனக்கு வெறும் அரிசி. ஏனென்று கேட்டதற்கு, "பெரியவா விஷயமாக்கும், நோக்கெதுக்கு?" என்றாள் அம்மா.

அது ஒரு வெள்ளிக்கிழமை. சுரங்கத்தில் மூன்றாம் தளத்தில் இருந்தேன். அதற்குமுன் அத்தனை ஆழம் போனதில்லை. மணி ஆறேகால். திரும்ப வேண்டிய நேரம். கீழே விழுந்த பென்சிலை எடுக்க எழுந்தேன். பின்னாலிருந்து அம்மா அலறினாள்.

"வெளியே வாடீ! ஐயோ, சாமி உள்ளிலேன்னா! ஒண்ணையும் தொடாதே, வா!"

பாவாடையைப் பார்த்ததும் புரிந்தது. எனக்கு அது மூன்றாவது தடவை. முதல் தடவை மணையில் உட்காரவைத்து ஆரத்தி எடுத்துத் திரட்டுப்பால் கொடுத்தார்கள். ஏதோ பரீட்சையில் முதலாவது வந்தவள் போல நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவை திரட்டுப்பால் இல்லை. பாயும் தனித் தட்டும் மட்டும்தான். மூன்று நாள் கிணற்றடி அறை. அந்த மூன்று நாளும் முற்றத்தைத் தாண்டக்கூடாது. யார் மேலும் படக்கூடாது. சாமி உள்ளைப் பற்றிப் பேச்சே இல்லை.

கையிலிருந்த கணக்கு நோட்டோடு என்னைப் பின்பக்கம் துரத்தினாள். நோட்டும் தீட்டாகிவிட்டதால் அதுவும் என்னோடு வரலாம் என்று அனுமதி. எனக்கு வந்ததே ஆத்திரம்! "கம்ப்யூட்டரையும் இத்தனை நாழி நான்தானே தொட்டுண்டிருந்தேன்? அதுவும் தீட்டுதானே? அதையும் என்னோட அனுப்பு!" என்று கத்தினேன்.

"நாக்கு நீண்டுபோச்சு நோக்கு, கேட்டியா!" என்ற அம்மா, பஞ்சபாத்திரத்தை எடுத்துக் கீபோர்டின் மேல் தீர்த்தம் தெளித்துச் சுத்தி பண்ணினாள். அன்று நனைந்த ஸ்பேஸ் பார் கடைசிவரை ஒட்டிக்கொண்டேதான் இருந்தது. அதோடு விட்டாளா? சுவரிலிருந்த சுவிட்சை நோக்கிக் கை நீட்டினாள். நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாமி ஜன்னலைத் திறந்தாள். இரண்டு மாதமாக வளர்த்த ஆறு பேர். அத்தனை பேரும் மூன்றாம் தளத்தில் நிற்கிறார்கள். அண்ணன் குளத்தங்கரைப் பக்கம் கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் வரவில்லை. வீட்டில் தீட்டில்லாத கை அம்மாவுடையது ஒன்றுதான், அதுவும் சுவிட்சின் மேல் இருந்தது.

அப்போது கிணற்றடியிலிருந்து சித்தி வந்தாள். முகம் கழுவின ஈரம், கண் சிவந்திருந்தது. நான் தேம்பித் தேம்பிச் சொன்னதைக் கேட்டாள். முற்றத்தைக் கடந்து போய், சாமி உள் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "அணைக்காதேங்கோ மன்னி, நான் பார்த்துக்கறேன்" என்று உள்ளே போனாள்.

நான் என் அறை வாசலில் நின்று நோட்டை விரித்தேன். அங்கிருந்து சித்தியின் முதுகு தெரியும், திரை தெரியாது. அவள் எதிரே என்ன இருக்கிறதென்று சொல்ல வேண்டும், நான் மேப்பைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். "சுவர்" என்பாள். "இடது பக்கம் திரும்பு, நாலு அடி" என்பேன். "கதவுடி." "திற!" தெருவே கேட்டிருக்கும். அம்மா சமையலறையில் தலையில் அடித்துக்கொண்டாள். சித்தியோ உட்காரவே மாட்டேனென்று நின்றுகொண்டே தட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தால் என்னவாம்? நின்றால் விரல் தப்பாகப் போகிறது, ஒருதடவை போன வழியே திரும்ப வந்துவிட்டாள். "உக்காந்து பண்ணு சித்தி!" என்று எரிந்து விழுந்தேன். அம்மாவும் அதையே சொன்னாள், வேறு காரணத்துக்காக. சித்தி நின்றபடியே அடுத்த கீயைத் தட்டினாள்.

இரண்டாம் தளத்தில் நாலு பேய்கள் மறித்தன. "பாவம் புண்ணியமெல்லாம் பார்க்காதே, அடி!" என்று கத்தினேன். அடித்தாள். வாள்காரன் சாகக் கிடந்தான். காயம் ஆற்றும் மந்திரம் எந்தக் கீ என்று நான் சொல்ல வாய் திறப்பதற்குள் அவளே தட்டிவிட்டாள். அத்தனை நாள் பின்னால் நின்று சும்மா பார்க்கவில்லை, கள்ளி. ஏழுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, "சத்திரம் வந்தாச்சுடி, எல்லாரும் படுத்துண்டாச்சு" என்று குரல் வந்தது. நான் பாயில் குதித்தேன்.

வெளியே வந்த சித்தி அம்மாவிடம், "விளக்கை இன்னிக்கு நீங்க ஏத்திடுங்கோ மன்னி, இடுப்பு வலிக்கறது" என்றாள். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. "ஓ, பின்னே! நான் ஏத்தறேன். நீ போய்ப் படு, போ" என்று ஓடினாள்.

கறண்ட் போயிற்று. இருட்டில் சித்தி என் அறை வாசலுக்கு வந்தாள். எனக்காக மடித்து வைத்திருந்த பழைய துணிகளில் இரண்டை எடுத்துக்கொண்டாள். ராந்தல் துடைக்கத்தான் என்று நினைத்தேன். மறுநாள் சனி, அதற்கடுத்தநாள் ஞாயிறு, நான் இங்கேயிருந்து சொல்லச் சொல்ல அவள் அங்கே அடிக்க வேண்டும், நாலாம் தளத்தைப் பார்த்துவிடலாம் என்று மூச்சுவிடாமல் பேசினேன். "பார்க்கலாம்டி" என்று என் தலையில் கை வைத்தாள். நான் பதறிப்போய், "தொடாதே சித்தி, அப்புறம் நீயும் குளிக்கணும்!" என்றேன். அவள் கையை எடுக்கவில்லை.

அந்தத் துணி எதற்கென்று என் மரமண்டைக்கு உறைக்க, எனக்கே கல்யாணமாகி, என் புக்ககத்திலும் நாலு பேர் என்னைப் பார்த்துவிட்டுக் காலண்டரைப் பார்க்கத் தொடங்க வேண்டியிருந்தது. கிணற்றடியிலிருந்து வரும்போதே அவளுக்குத் தெரியும். நாலு வருஷத்தில் முதல் தடவையாக நாள் தள்ளிப் போய், வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது இல்லையென்று ஆனதை அந்த வீட்டில் வாயால் சொல்லக்கூட வேண்டாம். போய் ஒரு பாயில் உட்கார்ந்தால் போதும், எல்லோருக்கும் தண்டோரா போட்ட மாதிரி. மாசாமாசம் இந்தத் தண்டோரா. என்ன வீடு அது! அன்று ஒரு ராத்திரியாவது அதைத் தள்ளிப்போட்டு ஒரு மூலையில் அழுதுவிட்டு இருந்திருக்கலாம் அவள். அதற்குக்கூட விடாமல் நான் கூச்சல் போட்டேன். அதே தீட்டோடு, எது வந்தாலும் வரட்டுமென்று சாமி உள்ளில் நின்று என் ஆறு பேரைக் கரை சேர்த்தாள். விளக்கை மட்டும் தொடவில்லை.

காலையில் கண் விழித்தபோது என் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய். சித்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் அம்மா ஒவ்வொரு பாத்திரத்தையும் ணங்கென்று வைத்தாள். சித்தப்பா காப்பி குடிக்காமல் எங்கேயோ போய்விட்டார். அப்பா பேப்பருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுக்கவில்லை. முந்தைய நாள் விளையாட்டுக்காக அம்மா சித்தி மேல் கோபமாயிருக்கிறாள் என்று நினைத்தேன். அதைப் பற்றி எனக்கென்ன? சனியும் ஞாயிறும் போயிற்றே! நாற்காலியில் அண்ணன் ஏறி உட்கார்ந்துவிட்டான். "எடீ, ஆ நோட்டைத் தா" என்று பள்ளிக்கூடத்து மலையாளத்தில் கேட்டுக்கொண்டு முற்றம்வரை வந்தான். "தொடப்படாது!" என்று அம்மாவே அவனை விரட்டியது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல்.

மீதிக் கோபம் முழுவதையும் பக்கத்தில் இருந்தவள் மேல் கொட்டினேன். "நோக்கு இன்னிக்கேதான் வரணுமா? இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போயிருக்கப்படாதா?" என்று, வீட்டில் அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

சித்தி என்னைப் பார்த்தாள். "போயிருக்கலாம்தான்" என்றாள்.

தப்பை ஒப்புக்கொண்டாளே என்று எனக்கு ஒரு திருப்தி. ஒப்புக்கொண்டால் ஆயிற்றா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பகல், இரண்டு ராத்திரி, கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில் படுத்துக்கொண்டு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். நன்றாகத் தூங்குகிறாள் என்று அதற்கும் கோபப்பட்டேன்.

நாலாம் நாள், திங்கட்கிழமை விடியற்காலையில் தலைக்குக் குளித்துவிட்டுச் சாமி உள்ளுக்கு ஓடினேன். சித்திக்கு வீட்டுக் கணக்கில் இன்னும் ஒரு நாள் பாக்கி, வெளியே வர முடியாது. கம்ப்யூட்டரைப் போட்டேன். அண்ணன் மேப் இல்லாமல் போய் ஒவ்வொரு தடவையும் சுரங்கத்திலேயே செத்திருக்கிறான், ஒருதடவைகூடச் சத்திரம் திரும்பவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை வைத்தது அப்படியே இருந்தது. ஆறு பெயரும் வரிசையாக, கடைசியில் சித்தி.

முற்றத்துக்கு அந்தப் பக்கம், நான் நோட்டோடு நின்ற அதே வாசலில் அவள் வந்து நின்றாள். அங்கிருந்து திரை தெரியாது.

"எல்லாரும் இருக்காளாடி?" என்று கேட்டாள்.

என் காதில் விழுந்தது. பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டேன்.