இருநூற்று முப்பதில் நின்ற முள்

போன வாரம் பெங்களூர் வைட்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு கீசர் பார்க்க ஒருவர் வந்தார், கிருஷ்ணகிரிக்காரர். தண்ணீர் சுடவே மாட்டேன் என்கிறது, உள்ளே சூடாக்கும் காயில் சுருள் போயிருக்கும், மாற்றிவிடுங்கள் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கீசர் நல்லாத்தான் இருக்கு சார். லைன்லயே நூத்தித் தொண்ணூறு வோல்ட்தான் வருது. அது என்ன பண்ணும் பாவம்?" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! இதே வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

அவர் மூடியைக் கழற்றியபோது சூடான கம்பியும் தூசியும் சேர்ந்த கருகல் வாசனை வேறு வந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் என் முதல் வேலையின் வாசனை அது. டிப்ளமோ முடித்த கையோடு, ஹீட்டருக்குச் சுருள் செய்யும் ஒரு சின்னத் தகரக் கூரைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். எனக்குச் சோதனை மேஜை. ஒவ்வொரு சுருளிலும் மின்சாரம் விட்டு வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து எழுத வேண்டும். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல், அவ்வளவுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கம்பியின் தடை எத்தனை ஓம் என்று தெரியும். இரண்டையும் பெருக்கினால் வாட். எங்கள் ஆயிரம் வாட் சுருளுக்கு ஐம்பத்து மூன்று ஓம் வர வேண்டும். கூடினால் கம்பியை அதிகம் சுற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். சட்டைப் பையில் கால்குலேட்டரைச் செருகிக்கொண்டு நான் நடந்த நடையை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

சுருள் சுற்றுவது பெண்கள். வரிசையில் கடைசி மெஷின் ஜெயாக்காவுடையது. அதில் சுற்று எண்ணும் கருவி கெட்டு ஒரு வருஷமாகியிருந்தது, அவர் வாயாலேயே எண்ணுவார். வீட்டில் தமிழ் என்றாலும் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம், அதனால் எண்ணிக்கை மட்டும் கன்னடத்தில் ஓடும். ஒந்து, எரடு, மூறு என்று உதடு அசையும்போது யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். டீயைக்கூடச் சத்தமில்லாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

கடைசி மெஷின் என்பதால் அவருடைய தட்டு என் மேஜைக்கு வர மாலை நாலு ஆகிவிடும். ஒரு மழைக்காலத்தில் தொடர்ந்து மூன்று நாள் அவருடைய சுருள்கள் மட்டும் தேறவில்லை. வோல்ட் மீட்டரில் முள் இருநூற்று முப்பதில், ஆம்பியர் மூன்று புள்ளி எட்டு. வகுத்தால் அறுபது ஓமுக்கு மேல். பெருக்கினால் எண்ணூற்றுச் சொச்சம் வாட். சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் அவரை என் மேஜைக்குக் கூப்பிட்டார்.

"ஏனம்மா, எண்ணக்கூட வரலையா உனக்கு?"

"எண்ணினது சரியாத்தான் இருக்கு சார்," என்றார் ஜெயாக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "முன்னாடி இருந்தவரு அந்த மீட்டர் கண்ணாடிய ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் பாப்பாரு. நீங்களும் ஒருக்கா தட்டிப் பாருங்களேன்."

"மீட்டர் என்ன தவுலா, தட்டுறதுக்கு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. மறுநாள் முதல் அவருக்கு வேலை இல்லை.

அடுத்த வாரம் ஒரு மாலை மேஜையைத் துடைக்கும்போது கை அந்தக் கண்ணாடியில் இடித்தது. முள் ஒரு துள்ளு துள்ளி இருநூறுக்கு இறங்கியது. மழை ஈரத்தில் உள்ளே எண்கள் அச்சடித்த தாள் உப்பி, முள் அதில் உரசி, காலையில் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. நாலு மணிக்கு அக்கம்பக்கத்து உலைகள் ஓட ஆரம்பித்தால் லைனில் வோல்ட் இறங்கும் என்பது அங்கே டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் தோன்றவில்லை. இருநூறை மூன்று புள்ளி எட்டால் வகுத்தேன். கிட்டத்தட்ட ஐம்பத்து மூன்று. நம்பாமல் இன்னும் இரண்டு முறை வகுத்தேன்.

ஒதுக்கி வைத்திருந்த அவருடைய சுருள்களை நல்ல தட்டில் சேர்த்து, சரி என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, வேலை போய்விடும் என்று பயம். பயம் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது, கோழைத்தனம்தான்.

ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடமில்லை.

"மூணு கம்பெனியில கேட்டுட்டேன் சார். எண்ணத் தெரியாதவளுன்னு பேரு பரவிடுச்சு," என்றார். குரலில் கோபமே இல்லை. "என் காயிலெல்லாம் என்ன சார் பண்ணீங்க?"

"பிரிச்சு ஸ்கிராப்ல போட்டுட்டாங்கக்கா," என்றேன்.

"அப்ப நான்தான் எங்கயோ எண்ணிக்கைய விட்டிருக்கேன் போல," என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

பிறகு அவரைத் தேடினேன், ரொம்பத் தாமதமாக. வீடு மாறிவிட்டார் என்றார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தகரக் கூரை இருந்த இடத்தில் இப்போது பார்சல் கிடங்கு. பஸ் ஸ்டாப் இருந்த இடத்தில் மெட்ரோ தூண். கீசர்காரரின் மீட்டரில் எண்ணே நேராக வந்துவிடுகிறது, முள்ளும் இல்லை, தட்டுவதற்குக் கண்ணாடியும் இல்லை. அந்தச் சுருள்கள் யார் யார் வீட்டிலோ வருஷக்கணக்கில் தண்ணீர் காய்ச்சிவிட்டுப் பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வரவில்லை. ஜெயாக்கா ஒரு சுற்றுகூட விடவில்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.