வெயிலில் வெளுத்த சிரப்

கடலூர்த் தொழிற்பேட்டையில் வைட்டமின் சிரப் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பரிசோதனை அறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். சிரப்பில் ரிபோஃப்ளேவின், அதாவது பி-2 வைட்டமின், சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அந்த வைட்டமினுக்கு வெளிச்சம் ஆகாது. வெயில் பட்டால் அதன் மூலக்கூறு உடைந்து வேறு பொருளாகிவிடும். மஞ்சள் நிறமும் வெளுத்துவிடும். அதனால் பழுப்புக் கண்ணாடிக் குடுவைகளில்தான் கரைசலை வைப்போம்.

புதிதாக வந்த மேலாளர் அவற்றை ஒதுக்கிவிட்டு, நிறமில்லாத சாதாரணக் குடுவைகளை வாங்கிப் போட்டார். மேஜையையும் கிழக்கு ஜன்னலோரம் தள்ளினார்.

"சார், வெளிச்சம் பட்டா அளவு கொறையும்" என்றேன்.

"என்னாம்மா, வைட்டமின் என்னா ஐஸா, கரைஞ்சி போறதுக்கு?" என்று சிரித்தார்.

அளவு குறைந்தது. முதலாளி கூட்டம் போட்டுக் காரணம் கேட்டார். மேலாளர் என்னைக் கைகாட்டினார். "இந்தப் பொண்ணுக்கு அளக்கவே தெரியல சார்."

அத்தனை பேர் முன்னால். அன்று மதியமே என் வேலை போனது. கீரப்பாளையத்து வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

பிறகு சிதம்பரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். 'அளக்கவே தெரியல' என்ற அந்த ஒரு வாக்கியத்தையே நான்கு வருடம் மென்றுகொண்டிருந்தேன். போன வருடம், பி-2 குறைவு என்று சொல்லி அதே கம்பெனியின் சிரப்பைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பொதுவான இடத்தில் சோதிப்பதென்று முடிவாகி, எங்களிடம் வந்தது. பார்த்ததுமே புரிந்தது. பழுப்பு பாட்டிலை விட்டுவிட்டு நிறமில்லாத பாட்டிலுக்கு மாறியிருந்தார்கள்.

மேலாளருக்கு ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. முதலாளியும் நேரில் வரவேண்டும் என்று கடிதம் அனுப்ப வைத்தேன்.

இருவரும் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் மேலாளர் முதலாளிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். புதிய சிரப்பை நிறமில்லாத இரண்டு பாட்டில்களில் ஊற்றி, ஒன்றுக்கு மட்டும் அலுமினியத் தாள் சுற்றி, இரண்டையும் மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் கண்முன்னே அளந்தேன். தாள் சுற்றியதில் அளவு குறையவே இல்லை. வெயில் பட்டதில் பாதிகூட இல்லை.

"பாட்டில மாத்தச் சொன்னது யாரு?" என்றார் முதலாளி.

"பாக்க நல்லா இருக்கும்னுதான் சார்..." என்று இழுத்தார் மேலாளர்.

"வெளிச்சம் ஆகாதுன்னு அப்பவே சொன்னேன் சார். அளக்கத் தெரியலன்னு என்ன அனுப்பிட்டாரு" என்றேன்.

முதலாளி என்னை உற்றுப் பார்த்தார். "அந்தப் பொண்ணு நீதானா?"

"நான்தான் சார்."

திரும்பும்போது மேலாளர் படிக்கட்டில் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "எனக்கு ரெண்டு புள்ளைங்கம்மா. தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம் சார்" என்றேன்.

அந்த வாரமே அவர் வேலை போனதாகக் கேள்விப்பட்டேன். "பாவம் அவரு" என்றார்கள் என்கூட வேலை செய்பவர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் மேலவீதியில் நின்று ஒரு தட்டு பஜ்ஜியை நிதானமாகத் தின்றேன். நல்ல பசி.