வால்வு இறுகிய ட்ரம்பெட்

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர்ப் படகுக்காகக் காத்திருக்கிறேன். ஹோர்ன் ஊதியபடி மீன்காரர்களின் சைக்கிள்கள் தெருவுக்குள் போகின்றன. என் பக்கத்தில், மாலையில் மாதா திருநாளுக்கு வாசிக்க வேண்டிய பேண்ட்காரர். உப்புக்காற்றில் அவருடைய ட்ரம்பெட்டில் விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளும் இறுகிவிட்டன.

"இனி வாசிக்க முடியாதா?" என்கிறேன்.

"ஏன் ஏலாது? முந்தி இதுக்கு வால்வே இல்லை. எத்தினையோ நூறு வருசமா ராசாமாருக்கும் பட்டாளத்துக்கும் வெறுங்குழலைத்தான் ஊதினவை. சுரமெல்லாம் உதட்டாலதான். கேளுங்கோ."

எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, ராஜா வருகிறார் என்பதுபோல் ஊதுகிறார். எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் சட்டியோடு ஓடிவருகிறார்.

"தம்பி, என்ன மீன்?"

அவர் ட்ரம்பெட்டைத் தாழ்த்தி, இறுகிய வால்வுகளை அழுத்திப் பார்க்கிறார்.

"மீன் இல்லை அக்கா. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தருவீங்களோ?"